சி மொழியில் பதின்ம எண்ணும் பதினறும எண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழியைக் கற்பவர்களும் அதில் நாள்தோறும் நிரல் எழுதுபவர்களும் எண் மாற்றம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பதின்மம் என்பது 10-ஐயும், பதினறுமம் (ஹெக்ஸ்) என்பது 16-ஐயும் அடிமானமாகக் கொண்டு எண்களை எழுதும் முறை. செயற்கூறுகளின் பெயர்கள் ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் இன்ட் வகை 32 பிட் கொண்டது எனக் கொள்ளவும்.

பதின்ம எண்ணைப் பதினறும எண்ணாக மாற்றும்போது நினைவகத்தில் என்ன மாறுகிறது?

எதுவும் மாறுவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இப்பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் எழவே மாட்டா. இன்ட் வகை மாறி ஒன்றில் 255 என்று எழுதினாலும் 0எக்ஸ்எஃப்எஃப் (0எக்ஸ் என்பது பதினறும எண்ணைக் காட்டும் முன்னொட்டு) என்று எழுதினாலும், கம்பைலர் அதே பிட்டுகளைத்தான் அங்கே வைக்கிறது. மாறிக்குள் இருப்பது மதிப்பு மட்டுமே. அது பதின்மமும் அன்று, பதினறுமமும் அன்று. விசைப்பலகையிலோ கோப்பிலோ இருந்து எழுத்துகளாக வரும் எண்ணை மதிப்பாக்கும்போதும், அந்த மதிப்பைத் திரையில் எழுத்துகளாகக் காட்டும்போதும்தான் அடிமானம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. ஆகவே "இந்த இன்ட்டை ஹெக்ஸாக மாற்றி இன்னொரு இன்ட்டில் வைக்க வேண்டும்" என்று யாராவது கேட்டால், அவருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு சரமா அல்லது வேறு வடிவில் அச்சிடுவதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பதின்மம் இருக்கும்போது பதினறுமம் எதற்கு?

16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. எனவே ஒரு பதினறும இலக்கம் சரியாக நான்கு பிட்டுகளுக்கும், இரண்டு இலக்கங்கள் ஒரு பைட்டுக்கும் ஒத்துப்போகின்றன. 10 அவ்வாறு 2-இன் அடுக்கு அன்று என்பதால், 174 என்ற பதின்ம எண்ணைப் பார்த்த உடனே அதில் எந்தெந்தப் பிட்டுகள் ஒன்றாக உள்ளன என்று யாராலும் சொல்ல இயலாது. அதையே ஏஇ என்று எழுதினால் 1010, 1110 என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பத்து முதல் பதினைந்து வரையிலான இலக்கங்களுக்கு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம், ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசைக்குப் பிறகு பரவலாக வேரூன்றியது.

கையால் மாற்றிப் பார்க்கும் முறை என்ன?

மாற்ற வேண்டிய எண்ணை 16-ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டு, ஈவு பூஜ்யமாகும் வரை அந்த ஈவையே மீண்டும் மீண்டும் வகுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னர் மீதிகளைக் கடைசியிலிருந்து முதல் நோக்கிப் படிக்க வேண்டும். யூனிகோடில் "ழ" என்ற எழுத்தின் எண்ணாகிய 2996-ஐ எடுத்துக்கொள்வோம். 2996-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 187, மீதி 4. 187-ஐ வகுத்தால் ஈவு 11, மீதியும் 11, அதாவது பி. 11-ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 11, மறுபடியும் பி. கீழிருந்து மேலாகப் படித்தால் பிபி4.

திரும்பி வருவது இதைவிட எளிது. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக எடுத்து, அதுவரை சேர்ந்த தொகையை 16-ஆல் பெருக்கி அந்த இலக்கத்தைக் கூட்ட வேண்டும்: முதலில் 11; பிறகு 11 × 16 + 11 = 187; பிறகு 187 × 16 + 4 = 2996. இந்த இரண்டு கணக்குகளையும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, பின்னால் வரும் நிரல்கள் புதிதாகத் தோன்றா.

ஒரு மதிப்பைப் பதினறும வடிவில் அச்சிட எளிய வழி எது?

பிரிண்ட்எஃப் செயற்கூறுக்கு %எக்ஸ் என்ற வடிவக்குறியைக் கொடுத்தால் போதும்.

அன்சைன்ட் இன்ட் எண் = 2996;
பிரிண்ட்எஃப்("%எக்ஸ்", எண்);

இது சிறிய எழுத்துகளில் பிபி4 என்று அச்சிடும். குறியில் உள்ள எக்ஸைப் பெரிய எழுத்தாக இட்டால் விடையும் பெரிய எழுத்துகளில் வரும். அதே மாறியை %யு குறியுடன் அச்சிட்டால் 2996 என்று வரும். %எக்ஸ் எதிர்பார்ப்பது அன்சைன்ட் இன்ட் வகையை, அதாவது எதிர்ம எண்களுக்கு இடமில்லாத குறியற்ற வகையை, என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எதிர்ம எண்களில் இக்கவனக்குறைவு எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பின்னால் காணலாம்.

முன்னால் பூஜ்யங்களும் 0எக்ஸ் என்ற முன்னொட்டும் வர வேண்டுமானால் என்ன செய்வது?

%08எக்ஸ் என்று எழுதினால், எட்டு இடங்களுக்குக் குறையும்போது முன்னால் பூஜ்யங்கள் நிரப்பப்பட்டு 00000பிபி4 என்று கிடைக்கும். விழுக்காட்டுக் குறிக்கும் எக்ஸுக்கும் நடுவே # சேர்த்தால் 0எக்ஸ் என்ற முன்னொட்டும் வரும். ஆனால் # குறியில் மூன்று சிக்கல்கள் உள்ளன. மதிப்பு பூஜ்யமாக இருந்தால் முன்னொட்டு வராது. வெறும் 0 மட்டுமே வரும். அகலத்தைக் கணக்கிடும்போது முன்னொட்டின் இரண்டு எழுத்துகளும் சேர்த்தே எண்ணப்படும். அதனால் %#08எக்ஸ் என்று கொடுத்து 255-ஐ அச்சிட்டால் எட்டு இலக்கங்களுக்கு மாறாக ஆறு இலக்கங்களே கிடைக்கும். பெரிய எழுத்து எக்ஸைப் பயன்படுத்தினால் முன்னொட்டில் உள்ள எக்ஸும் பெரிதாகிவிடும். பதிவுக் கோப்புகளில் வரிகள் ஒழுங்காக அடுக்கி நிற்க வேண்டும் என்று விரும்புபவர்கள் # குறியை விட்டுவிட்டு, வடிவச் சரத்திலேயே 0எக்ஸ் என்பதை நேராக எழுதி, அதன்பின் %08எக்ஸ் இடுவதே நல்லது.

தமிழ்ச் சொல் ஒன்றின் பைட்டுகளை அச்சிட்டால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறு எஃப்கள் வருவது ஏன்?

யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள தமிழ்க் கோப்பை முதன்முதலாக சி நிரலில் திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சந்திக்கும் சிக்கல் இது. "ழ" என்ற எழுத்து அக்குறியாக்கத்தில் இ0, ஏஇ, பி4 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் கேரக்டர் வகை அணியில் அதை வைத்து, ஒவ்வொரு பைட்டையும் %எக்ஸ் கொண்டு அச்சிட்டால், பல கணினிகளில் ஆறு எஃப்களுக்குப் பின் இ0, ஆறு எஃப்களுக்குப் பின் ஏஇ, ஆறு எஃப்களுக்குப் பின் பி4 என்று விடை வரும். கோப்பு கெட்டுவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. கோப்பில் பிழை ஏதும் இல்லை.

காரணம் இரண்டு படிகளில் உள்ளது. கேரக்டர் வகை குறியுள்ளதா குறியற்றதா என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்காமல் கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான கம்பைலர்களில் அது வழக்கமாகக் குறியுள்ளது. அங்கே இ0 என்ற பைட்டின் மதிப்பு 224 அன்று, −32. அடுத்த படியாக, பிரிண்ட்எஃப் போன்ற செயற்கூறுக்கு அனுப்பப்படும் கேரக்டர் மதிப்பு இன்ட் வகையாக விரிக்கப்படுகிறது. −32 என்பது 32 பிட்டுகளுக்கு விரியும்போது மேலே உள்ள 24 பிட்டுகளும் ஒன்றால் நிரம்புகின்றன; அந்த 24 பிட்டுகள்தான் ஆறு எஃப்களாகத் திரையில் தெரிகின்றன. ஆங்கில எழுத்துகளின் எண்கள் அனைத்தும் 128-க்குக் கீழே இருப்பதால் ஆங்கில உரையில் இச்சிக்கல் தலைகாட்டுவதே இல்லை. ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதிக்கப்பட்ட நிரல்கள் தமிழில் தடுமாறுவதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று.

தீர்வு எளியது: அணியையே அன்சைன்ட் கேரக்டர் வகையாக அறிவிக்கலாம்; அல்லது அச்சிடும் இடத்தில் அவ்வகைக்கு மாற்றிக் கொடுக்கலாம்; அல்லது எக்ஸுக்கு முன்னால் இரண்டு ஹெச் சேர்த்து %ஹெச்ஹெச்எக்ஸ் என்று எழுதலாம். முதல் வழியே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் அது ஒருமுறை செய்தால் எல்லா இடங்களுக்கும் பொருந்துகிறது. ஏஆர்எம் செயலிகளுக்கான லினக்ஸில் கேரக்டர் வகை குறியற்றதாக இருப்பதால், ராஸ்பெர்ரி பையில் சரியாக ஓடிய நிரல் மேசைக் கணினிக்கு வந்ததும் எஃப்களைக் கொட்டுவதும் உண்டு.

அந்த மூன்று பைட்டுகளிலிருந்து 2996 என்ற எண்ணைத் திரும்பப் பெறலாமா?

பெறலாம்; பதினறும வடிவின் பயன் இங்கேதான் நன்றாக விளங்கும். முதல் பைட்டாகிய இ0-வின் கடைசி நான்கு பிட்டுகள் 0. இரண்டாவதாகிய ஏஇ-யின் கடைசி ஆறு பிட்டுகள் 101110, அதாவது 46. மூன்றாவதாகிய பி4-இன் கடைசி ஆறு பிட்டுகள் 110100, அதாவது 52. நடுப் பகுதியை ஆறு பிட் இடப்பக்கம் நகர்த்தினால் 46 × 64 = 2944; அதனுடன் 52-ஐக் கூட்டினால் 2996. தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கப்பட்ட பகுதி பதினறுமத்தில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, பதின்மத்தில் 2944 முதல் 3071 வரை என்பதால், இந்த 2944 தற்செயலாக வந்ததன்று. அதுவே அப்பகுதியின் தொடக்க எண். இணையப் பக்கத்தின் மூலத்தில் "ழ" என்பதை ழ என்றும், # குறிக்குப் பின் எக்ஸ் சேர்த்துப் பதினறும எண்ணாகவும் எழுத முடிவது இதனால்தான்.

எதிர்ம எண்ணைப் பதினறும வடிவில் அச்சிட்டால் குறி எங்கே போகிறது?

குறி தனியாக எங்கும் போவதில்லை. அது பிட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. −42-ஐ %எக்ஸ் கொண்டு அச்சிட்டால், ஆறு எஃப்களுக்குப் பின் டி6 என்று வரும். இது இரண்டின் நிரப்பி முறையில் −42-இன் பிட் வடிவம். குறியற்ற எண்ணாகப் படித்தால் 4294967254. பிட்டுகளைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் இந்த விடை சரியானது. அன்சைன்ட் வகைக்கு வெளிப்படையாக மாற்றி அனுப்பினால் கம்பைலரின் எச்சரிக்கையும் நின்றுவிடும்.

−2ஏ என்று குறியுடன் தெரிய வேண்டுமானால், எண் பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று பார்த்துக் கழித்தல் குறியை முதலில் அச்சிட்டு, அதன்பின் எண்ணின் அளவை மட்டும் அச்சிட வேண்டும். இன்ட் வகையின் மிகச் சிறிய மதிப்பாகிய −2147483648-இன் குறியை நேரடியாக மாற்ற முயன்றால் விடை அவ்வகைக்குள் அடங்காது. சி மொழியில் அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலையில் உறுதி இல்லை. ஆதலால் முதலில் அன்சைன்ட் வகைக்கு மாற்றி, அதன்பின் பூஜ்யத்திலிருந்து கழிப்பதே பாதுகாப்பானது.

64 பிட் எண்களுக்கு எந்தக் குறியைப் பயன்படுத்துவது?

லாங் வகைக்கு %எல்எக்ஸ், லாங் லாங் வகைக்கு %எல்எல்எக்ஸ். 64 பிட் லினக்ஸில் லாங் வகை 64 பிட் கொண்டது. 64 பிட் விண்டோஸில் அதே வகை 32 பிட் மட்டுமே கொண்டது. இரண்டிலும் ஓட வேண்டிய நிரலில் யுஇன்ட்64 போன்ற அளவு குறிப்பிட்ட வகைகளைப் பயன்படுத்தி, இன்ட்டைப்ஸ் தலைப்புக் கோப்பில் அவற்றுக்கெனவே உள்ள அச்சுக்குறி மேக்ரோக்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவை வடிவச் சரத்தைப் பார்ப்பதற்கு அழகற்றதாக்கும். எனினும் தவறான அகலக் குறியால் 64 பிட் மதிப்பின் மேற்பாதி சத்தமின்றிக் காணாமற்போவதை அவை தடுக்கின்றன.

பிரிண்ட்எஃப் இல்லாமல், எண்ணைப் பதினறுமச் சரமாக்கும் செயற்கூறை நானே எழுதுவது எப்படி?

தேர்வுகளிலும் நேர்காணல்களிலும் கேட்கப்படுவதோடு, பிரிண்ட்எஃப்புக்கு இடமில்லாத சிறிய மைக்ரோகன்ட்ரோலர்களிலும் இது தேவைப்படுகிறது. மேலே தாளில் செய்த வகுத்தல் முறையேதான். முதலில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு இலக்கங்களைக் கொண்ட சரம் ஒன்றை அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணின் மீதியை அந்தச் சரத்தின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால் உரிய இலக்கம் நேராகக் கிடைக்கும். "ஒன்பதுக்கு மேல் இருந்தால் 55-ஐக் கூட்டு" என்ற நிபந்தனை தேவைப்படாது. அந்த 55 எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்து நிரலைப் படிப்பவர் யோசிக்க வேண்டியும் இராது.

மீதிகள் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கம் நோக்கி வருவதால், சரத்தைப் பின்புறமிருந்து நிரப்புவது வசதியானது. 32 பிட் எண்ணுக்கு எட்டு இலக்கங்களும் முடிவுக் குறியாகிய பூஜ்ய பைட்டும் சேர்த்து ஒன்பது இடங்கள் வேண்டும். அணியின் கடைசி இடத்தில் முடிவுக் குறியை வைத்து, சுட்டியை ஒவ்வோர் இடமாகப் பின்னுக்கு நகர்த்தி, ஒவ்வொரு முறையும் எண்ணை 15 உடன் பிட்வாரி "அண்ட்" செய்து இலக்கத்தை எடுத்து, எண்ணை நான்கு பிட் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். குறியற்ற எண்ணில், 15 உடன் "அண்ட்" செய்வது 16-ஆல் வகுத்து மீதி காண்பதற்கும், நான்கு பிட் நகர்த்துவது 16-ஆல் வகுப்பதற்கும் சமம்.

இதில் அதிகம் காணப்படும் பிழைகள் மூன்று. சுழற்சியை "எண் பூஜ்யமாகாத வரை" என்று தொடக்கத்திலேயே சோதித்தால், 0 என்ற உள்ளீட்டுக்கு வெற்றுச் சரம்தான் கிடைக்கும். ஒருமுறையாவது ஓடி முடித்த பிறகு சோதிக்கும் டூ-வைல் சுழற்சியே இங்கே பொருத்தமானது. மாறியைக் குறியுள்ள வகையாக வைத்தால், எதிர்ம எண்ணை வலப்பக்கம் நகர்த்தும்போது பெரும்பாலான கம்பைலர்களில் மேலிருந்து ஒன்றுகள் நிரம்பிக்கொண்டே வரும். எண் ஒருபோதும் பூஜ்யமாகாமல் சுழற்சி அணியின் எல்லையைத் தாண்டி எழுதத் தொடங்கிவிடும். செயற்கூறுக்குள் அறிவித்த அணியின் முகவரியைத் திருப்பி அனுப்பினால், செயற்கூறு முடிந்த கணமே அந்த அணியின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. அணியை அழைப்பவரே கொடுத்து, அதன் நீளத்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி எழுதுவதே முறையானது.

ஐ-டு-ஏ என்ற செயற்கூறு இதைச் செய்யாதா?

அது சி மொழியின் தரநிலையில் இல்லை. சில கம்பைலர்களுடன் வரும். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகத்தில் கிடையாது. சரமாக வேண்டுமென்றால் தரநிலையில் உள்ள எஸ்என்பிரிண்ட்எஃப் போதும். அது அணியின் அளவை மீறி எழுதாது.

பயனர் தட்டச்சு செய்யும் பதினறும எண்ணைப் படிப்பது எப்படி?

பயிற்சிக்கு ஸ்கேன்எஃப் செயற்கூறும் %எக்ஸ் குறியும் போதும். பயனர் பிபி4 என்று தந்தாலும், 0எக்ஸ் முன்னொட்டுடன் தந்தாலும் அது 2996 என்று படித்துக்கொள்ளும். ஆனால் வகைக்குள் அடங்காத பெரிய எண்ணைப் பயனர் தந்தால் ஸ்கேன்எஃப் என்ன செய்யும் என்பதற்குத் தரநிலையில் உறுதி ஏதும் இல்லை. ஆகவே பிறர் பயன்படுத்தப்போகும் நிரலில் வரியை முழுவதுமாகச் சரமாகப் படித்துக்கொண்டு, ஸ்ட்ர்-டு-எல் குடும்பத்துச் செயற்கூறுகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

இச்செயற்கூறு மூன்று உள்ளீடுகளைப் பெறுகிறது: படிக்க வேண்டிய சரம், படிப்பு நின்ற இடத்தைச் சொல்லும் சுட்டியின் முகவரி, அடிமானம். அடிமானமாக 16 கொடுத்தால் முன்னொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினறுமமாகவே படிக்கும். 10 கொடுத்தால் பதின்மம். 0 கொடுத்தால் சரத்தின் தொடக்கத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்யும்.

இரண்டாவது உள்ளீட்டை வெறுமையாக விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அதை விட்டால் இச்செயற்கூறின் பெரும்பயன் போய்விடுகிறது. 12ஜி என்ற சரத்தைப் பதினறுமமாகப் படிக்கச் சொன்னால், 12 வரை படித்து 18 என்ற மதிப்பைத் தந்து, ஜி-யின் இடத்தில் சுட்டியை நிறுத்தும். சுட்டி சரத்தின் இறுதியில் நிற்கிறதா என்று பார்த்தால்தான் பின்னால் குப்பை இருந்தது தெரியவரும். சுட்டி தொடக்கத்திலேயே நின்றால், எண் எதுவுமே கிடைக்கவில்லை என்று பொருள். எண் அளவு மீறியதா என்று அறிய, அழைப்பதற்கு முன் எர்ர்நோ மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டு, அழைத்த பின் அது இஆர்ஏஎன்ஜிஇ என்ற மதிப்பை அடைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எட்டு எஃப்களைக் கொண்ட சரத்தைக் குறியுள்ள ஸ்ட்ர்-டு-எல் மூலம் படித்தால், 64 பிட் லினக்ஸில் 4294967295 கிடைக்கும். விண்டோஸில் லாங் வகை 32 பிட் என்பதால் அளவு மீறி 2147483647 கிடைக்கும். பிட் வடிவங்களைப் படிக்கும்போது குறியற்ற ஸ்ட்ர்-டு-யுஎல் அல்லது ஸ்ட்ர்-டு-யுஎல்எல் செயற்கூறையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் இவை குறியற்றவையாக இருந்தும் கழித்தல் குறியை மறுப்பதில்லை. −1 என்று தந்தால் பிழை எதுவும் காட்டாமல் அவ்வகையின் மிகப் பெரிய மதிப்பைத் தந்துவிடும். அதை ஏற்க விரும்பாதவர்கள் முதல் எழுத்தைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஏ-டு-ஐ செயற்கூறைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அதற்குப் பதின்மம் மட்டுமே தெரியும். 0எக்ஸ்1எஃப் என்று கொடுத்தால் எக்ஸைக் கண்டதும் நின்று 0 என்று விடை தரும். உண்மையான பூஜ்யத்துக்கும் இந்தப் பூஜ்யத்துக்கும் வேறுபாடு காண வழியே இல்லை.

பதினறுமச் சரத்தை மதிப்பாக்கும் செயற்கூறை நானே எழுதினால் எதைக் கவனிக்க வேண்டும்?

அடிப்படைக் கணக்கு முன்பு பார்த்ததே: தொகையை 16-ஆல் பெருக்கி இலக்கத்தைக் கூட்டுதல். எழுத்தை இலக்கமாக்கும் பகுதியில்தான் கவனம் வேண்டும். 0 முதல் 9 வரையிலான எழுத்துகளின் எண்கள் அடுத்தடுத்து அமையும் என்று தரநிலை உறுதியளிக்கிறது. ஆகவே எழுத்திலிருந்து '0'-வைக் கழித்தால் இலக்கம் கிடைக்கும். ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளுக்கு அத்தகைய உறுதி இல்லை. ஆயினும் ஆஸ்கியிலும், ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியாக்கத்திலும் அவை அடுத்தடுத்தே உள்ளன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் ஏற்க வேண்டும். இஸ்-எக்ஸ்-டிஜிட் செயற்கூறால் சரிபார்ப்பதாயின், எழுத்தை அன்சைன்ட் கேரக்டர் வகைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்; உள்ளீட்டில் தமிழ் எழுத்து ஒன்று தவறி வந்தால் அதன் பைட் எதிர்ம எண்ணாகச் சென்று வரையறுக்கப்படாத நடத்தைக்கு வழிவிடும்.

அளவு மீறலைப் பெருக்குவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். 32 பிட் குறியற்ற எண்ணில், தொகை 268435455-ஐ, அதாவது ஏழு எஃப்களைத் தாண்டியிருந்தால் இன்னோர் இலக்கத்துக்கு இடமில்லை என்று நிறுத்திவிடலாம். பெருக்கிய பிறகு சோதித்தால் மேலே இருந்த பிட்டுகள் ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

நிரலுக்குள் 4294967295 என்று எழுதுவதும் எட்டு எஃப்களாக எழுதுவதும் ஒன்றுதானா?

மதிப்பு ஒன்றே, வகை ஒன்றன்று. பின்னொட்டு இல்லாத பதின்ம மாறிலிக்கு, சி99 தரநிலை முதல் கம்பைலர் குறியுள்ள வகைகளில் மட்டுமே இடம் தேடும்: இன்ட், லாங், லாங் லாங். பதினறும மாறிலிக்கோ ஒவ்வொரு படியிலும் குறியற்ற வகையையும் சேர்த்துப் பார்க்கும். ஆதலால் 4294967295 என்பது 64 பிட் வகையொன்றில் சென்று அமர, 0எக்ஸ் முன்னொட்டுடன் எட்டு எஃப்களாக எழுதப்பட்ட அதே மதிப்பு அன்சைன்ட் இன்ட் ஆகிவிடுகிறது.

இதன் விளைவை ஓர் ஒப்பீட்டில் காணலாம். −1 என்பது 4294967295-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் "ஆம்" என்ற விடை வரும். அதே கேள்வியைப் பதினறும மாறிலியுடன் கேட்டால் "இல்லை" என்ற விடை வரும். ஏனெனில் −1 அங்கே குறியற்ற வகைக்கு மாறி, எட்டு எஃப்களுக்குச் சமமாகிவிடுகிறது. எண்ணை வேறு அடிமானத்தில் எழுதியதால் மட்டுமே நிரலின் போக்கு மாறும் அரிய இடம் இது. எனவே எல்லையோரத்து மாறிலிகளுக்கு யு அல்லது எல்எல் பின்னொட்டை வெளிப்படையாக இடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மாறிலிகளை எழுதும்போது வேறு என்ன தவறுகள் நேரும்?

எண்களை அழகாக அடுக்குவதற்காக 42-ஐ 0042 என்று எழுதினால் அது எண்ம எண்ணாகக் கொள்ளப்பட்டு 34 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமானம் என்பது சி-க்கு முன்னிருந்த பி மொழியிலிருந்து வந்த வழக்கம். ஸ்கேன்எஃப்பின் %ஐ குறியும், அடிமானம் 0 கொடுத்த ஸ்ட்ர்-டு-எல் செயற்கூறும் இதே விதியைப் பின்பற்றுவதால், பயனர் 010 என்று தந்தால் 8 என்று படிக்கப்படும்.

0எக்ஸ்இ+1 என்று இடைவெளியின்றி எழுதினால் 15 கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம். கம்பைலர் பிழை காட்டும். இ-யை அடுத்து + வந்தால், முன்செயலி அது முழுவதையும் அடுக்குக்குறி கொண்ட ஒரே எண்ணாகச் சேர்த்து எடுத்துக்கொள்வதே காரணம். இ-யில் முடியும் எண்ணுக்கு மட்டுமே இது நேர்வதால், அட்டவணையில் ஒரே ஒரு வரி மட்டும் பிழை காட்டி நிற்கும். + குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும்.

சரத்துக்குள் பின்சாய்கோட்டையும் எக்ஸையும் இட்டுப் பைட்டுகளை எழுதும்போது, அக்குறி இரண்டு இலக்கங்களோடு நிற்பதில்லை. பதினறும இலக்கமாகத் தோன்றும் எழுத்துகள் உள்ளவரை விழுங்கிக்கொண்டே போகும். "ழ"-வின் கடைசி பைட்டாகிய பி4-ஐ அடுத்து ஏ என்ற ஆங்கில எழுத்து வந்தால், பி4ஏ என்று ஒன்றாகப் படித்து அளவு மீறியது என்று கம்பைலர் சொல்லும். அந்த இடத்தில் சரத்தை மேற்கோள் குறியால் மூடி, உடனே அடுத்த சரத்தைத் திறந்தால் போதும். அடுத்தடுத்த சரங்களைக் கம்பைலரே ஒட்டிவிடும்.

0எக்ஸ்12345678 என்ற எண்ணை நினைவகத்தில் பார்த்தால் 78, 56, 34, 12 என்று தலைகீழாக இருப்பது ஏன்?

இன்டெல் வகைச் செயலிகள் எண்ணின் கடைசியில் உள்ள, இடமதிப்பில் மிகச் சிறிய பைட்டை முதலில் சேமிக்கின்றன. பிரிண்ட்எஃப் மதிப்பை அச்சிடுகிறது. பைட் பைட்டாக அச்சிடும் நிரல் சேமிப்பு வரிசையை அச்சிடுகிறது. கோப்புக்கோ வலைத்தொடர்புக்கோ பைட்டுகளை அனுப்பும்போது நினைவகத்தை அப்படியே நகலெடுக்காமல், 24, 16, 8, 0 பிட்டுகள் வலப்பக்கம் நகர்த்தி ஒவ்வொரு பைட்டையும் எடுத்தால், எந்தச் செயலியிலும் வரிசை மாறாது.

பின்ன எண்களையும் பதினறும வடிவில் காட்ட முடியுமா?

%எக்ஸ் குறிக்கு டபுள் வகையைக் கொடுப்பது தவறு. சி99-இலிருந்து இதற்கென %ஏ என்ற குறி உள்ளது. பிட் வடிவமே வேண்டுமென்றால், மெம்-காப்பி செயற்கூறால் அந்த எட்டு பைட்டுகளையும் 64 பிட் குறியற்ற மாறிக்கு நகலெடுத்து அச்சிட வேண்டும், 0.1-க்கு அவ்வாறு செய்தால் 3எஃப்பி என்று தொடங்கி, பன்னிரண்டு ஒன்பதுகள் வந்து, ஏ-யில் முடியும். முடிவின்றி நீள வேண்டிய ஒன்பதுகள் இடமின்றி வெட்டப்பட்டு, கடைசி இலக்கம் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டிருப்பதை அங்கே காணலாம். 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் சரியாக 1 வராததற்குக் காரணமும் அதுவே.

எழுதிய செயற்கூறைச் சோதிக்க எந்த எண்களைக் கொடுப்பது?

0, 9, 10, 15, 16, 255, 256 ஆகியவை இலக்கம் மாறும் இடங்களைச் சோதிக்கும். 2147483647, 2147483648, 4294967295 ஆகியவை வகையின் எல்லைகளைச் சோதிக்கும். சரத்தைப் படிக்கும் செயற்கூறுக்கு வெற்றுச் சரம், 0எக்ஸ் மட்டும், 12ஜி, ஒன்பது எஃப்கள், தமிழ் எழுத்து ஒன்று ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். இவற்றோடு, ஒவ்வொரு மதிப்பையும் சரமாக்கி, அச்சரத்தை மீண்டும் மதிப்பாக்கி, தொடங்கிய எண்ணே திரும்ப வருகிறதா என்று சுழற்சியில் ஒப்பிட வேண்டும். 16 பிட் வரையிலான 65536 மதிப்புகளையும் இவ்வாறு முழுமையாகச் சோதிப்பது இன்றைய கணினியில் கண்ணிமைக்கும் நேர வேலை என்பதால், மாதிரி எண்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.